மூன்று குதிரைகளும் அப்பாவின் படிகளும்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எங்கள் ஊர் மியூசியம் உரோமக் குதிரைப்படையைப் பற்றிப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்த முடிவெடுத்தது. உரோமக் குதிரைப்படை எங்கள் ஊருக்கு வந்ததில்லை. டென்மார்க்குக்கே வந்ததில்லை.
2. ஒரு நிதியம் செலவில் பெரும்பகுதியைத் தர முன்வந்தது. மிச்சத்தைக் கொம்யூன், அதாவது எங்கள் நகரசபை, போட்டால்தான் தருவோம் என்றது. கொம்யூன் போட்டது.
3. கண்காட்சி முடியும்வரை தொழில்நுட்பப் பொறுப்பாளராக என்னை எடுத்தார்கள். ஈரப்பதம், வெளிச்சம், மின்சாரம், கண்ணாடிப் பெட்டிகள் என் வேலை.
4. அதே இலையுதிர்காலத்தில் கொம்யூன் தன் சிக்கனத் திட்டத்தை அறிவித்தது. சுடுநீர்த் தடாகத்தில் உடற்பயிற்சி செய்கிற எல்லாரையும் மறுபடி மதிப்பிட்டு, தேவையில்லாதவர்களை நிறுத்துவது அதில் ஒன்று.
5. அந்தத் தடாகத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் போகிறவர்களில் என் அப்பாவும் ஒருவர்.
6. மதிப்பிட ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா வடை சுட்டார்.
7. அப்பாவின் இடம் போனது.

ஆறாவதை விளங்கப்படுத்தாமல் ஏழாவது விளங்காது. டேனிஷ் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, வடைக்கும் தடாகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களிடம் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் யன்னல் செய்கிற தொழிற்சாலையில், கொங்கிறீட் நிலத்தில் நின்று வேலை செய்தவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. முதுகில் ஒரு தடவை வெட்டித் திருத்தினார்கள். அப்பா அம்மாவின் வீடு இரண்டாம் மாடியில். லிப்ட் இல்லை. இருந்தும் அவர் வெளியே போய்வந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அந்தத் தடாகம்தான். செவ்வாயும் வெள்ளியும் கொம்யூனின் சிறிய பஸ் வாசலுக்கு வரும். இடுப்பளவு சுடுநீரில், கைத்தடி இல்லாமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பார். தடாகத்துக்குப் போன நாளும் அதற்கு அடுத்த நாளும் படி ஏறுவார், இறங்குவார், தமிழ்க் கடைக்குப் போவார், பக்கத்து ஊரான பிராண்டேயில் இருக்கிற சிநேகிதரிடம் யாராவது காரில் கூட்டிப்போனால் போய்க் கதைத்துவிட்டு வருவார். ஒரு முறை தடாகத்தைத் திருத்த வேலைக்காக மூடியபோது மூன்றாவது கிழமையே அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலும் போகமுடியவில்லை, கீழும் போகமுடியவில்லை. அன்றே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, தண்ணீர் இல்லையென்றால் படி இல்லை, படி இல்லையென்றால் அவருக்கு அந்த மூன்று அறைகள்தான்.

இனி மியூசியம்.

கண்காட்சியின் நடுவில் இருந்தது ஒரு தலைக்கவசம், முகத்தை மூடுகிற உலோக முகமூடியோடு. வெளிநாட்டு மியூசியம் ஒன்று இரவல் தந்தது. அது தனி லொறியில் வந்தது. அதனோடு ஓர் ஆள் வந்தார். அவருக்கு விமானச்சீட்டு, ஹொட்டேல், சாப்பாடு. திரும்பிக் கொண்டுபோக மறுபடி ஓர் ஆள், மறுபடி ஹொட்டேல். பிறகு காப்புறுதி, காவல், எச்சரிக்கை மணி. பெட்டிக்குள் ஈரப்பதம் கொஞ்சம் ஏறினால் எந்த நேரமானாலும் என் தொலைபேசி அடிக்கும். நான் எழும்பி ஓடவேண்டும். ஒரு துண்டு உலோகத்துக்கு இவ்வளவு கவனிப்பா என்று நான் முதலில் வியந்தேன், பழகியும் போனேன். அந்தக் கவனிப்பைப் படிக்கத்தான் நான் பல்கலைக்கழகம் போனேன்.

என்னால் பழகமுடியாமல் போனவை வேறு. ஆள் உயரத்துக்கு மூன்று குதிரைகளைக் கண்ணாடியிழையில் செய்வித்தார்கள். ஒரு குதிரைக்குக் கொடுத்த பணம் என் வருடச் சம்பளத்துக்கு அருகில் வரும். பிடரி மயிர் மட்டும் உண்மையானது, கையால் ஒவ்வொன்றாக நட்டது. சவாரி செய்வதுபோலத் தோன்றவைக்கிற ஒரு படம், ஆடுகிற இருக்கைகளோடு. பிறகு வாசனை இயந்திரம். லாயத்தின் மணம், வியர்வை, தோல், விட்டை. ஒரு நிறுவனம் அந்த மணத்தைச் சிறிய குப்பிகளில் அடைத்து விற்கிறது. திங்கட்கிழமைதோறும் குப்பி மாற்றுவது என் வேலை. எங்கள் ஊரிலிருந்து பிராண்டே போகிற வழி முழுக்கக் குதிரை லாயங்கள். கார் யன்னலைத் திறந்தால் அந்த மணம் தானாக வரும். போத்தலில் வந்ததோ என் குளிர்கோட்டில் ஒட்டிக்கொண்டு போகவேயில்லை. ஒரு பருவம் முழுக்க நான் காசு கொடுத்து வாங்கிய விட்டை மணத்தோடு பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் பகுதிச் சதுப்பில் எடுத்த இரண்டு கடிவாளத் துண்டுகளும் காட்சியில் இருந்தன. அவை மியூசியத்தின் சொந்தப் பொருட்கள், செலவில்லாதவை. அதனால் கழிவறைக்குப் போகிற வழியில் வைத்தார்கள்.

வாசனை இயந்திரமும் மூன்றாவது குதிரையும் முதல் கணக்கில் இல்லை. அவை எப்படி வந்தன என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு வீட்டில் நடந்தது அதில்தான் தொடங்கியது.

திட்டம் பாதியில் நிற்கும்போது காசு போதவில்லை. நிதியத்திடம் மேலதிகமாகக் கேட்டார்கள். நிதியத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மியூசியத்தின் பின்பக்க மண்டபத்தில் கூரை ஒழுகும். நான் காலையிலேயே போய்த் தண்ணீரைத் துடைத்து, வாளியைக் கழுவி, ஈரம் தெரியாமல் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். திட்டத் தலைவி வந்து பார்த்தார். நல்ல மனுஷி. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் செய்த கேக் கொண்டுவருவார். என் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“என்ன செய்கிறாய்? துடைக்காதே.”

“ஆட்கள் வருகிறார்களே.”

“அதனால்தான் துடைக்காதே. வாளியை வாசல் பக்கம் வை.”

“வாசல் பக்கம் ஒழுகவில்லையே.”

“ஒழுகுகிறது என்பது உண்மைதானே? அவர்கள் சுற்றிப்போக வேண்டிய இடத்தில் வை.”

நான் வாளியை ஒழுகுகிற இடத்திலேயே விட்டேன். அவர் வந்து சப்பாத்துக் காலால் அதைத் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் தளும்பி நிலத்தில் ஊற்றியது. அதையும் துடைக்கவேண்டாம் என்றார். நிதியத்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் தன் நீளக் கோட்டை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வாளியைச் சுற்றிப் போனார். என்னை ஈரப்பதம் அளக்கிற கருவியோடு பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் எண்ணை வாசித்தேன். எண் சரியான எண்தான்.

“காட்டத் தெரியவேண்டும்,” என்றார் தலைவி, அவர்கள் போனபிறகு. “பாதி ஊர் மியூசியங்களுக்கு அது தெரியாது.”

மேலதிகப் பணம் வந்தது. கூரைக்கு அதில் ஒன்றும் போகவில்லை. நிதியம் கூரைகளுக்குக் காசு தராது, பார்வையாளர் அனுபவத்துக்குத்தான் தரும். கூரை கொம்யூனின் பொறுப்பு. ஆகவே அனுபவம் வாங்கினார்கள். மூன்றாவது குதிரை அந்த வாளியால் வந்தது.

அதற்குச் சில கிழமைகள் கழித்துத்தான் அப்பாவை மதிப்பிட வருவதாக அறிவித்தல் வந்தது. நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். போகும்போது அம்மா ஏற்கெனவே மூன்று நாள் வேலையை முடித்திருந்தார். யன்னல் சீலைகள் கழுவித் தொங்கின. நிலம் மினுங்கியது. அப்பா சவரம் செய்து, மீசைக்கு மை பூசி, இஸ்திரி போட்ட சேட்டில் இருந்தார்.

“தடி எங்கை?” என்று கேட்டேன்.

“உள்ளை கிடக்கு,” என்றார் அம்மா.

உள்ளே என்றால், உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்துக்குப் பின்னால். அப்பா இருந்து குளிப்பதற்குக் கொம்யூன் இரவலாகத் தந்த பிளாஸ்டிக் கதிரையைக் குளியலறையில் காணவில்லை. அதை என் பழைய அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, பூப்போட்ட விரிப்பால் மூடியிருந்தார்.

“அம்மா, அவை தந்த கதிரைதானே. அவைக்கே ஒளிக்கிறியளே?”

“குளிக்கிற கதிரையை வாற ஆளுக்கு ஆர் காட்டுறது? உனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை, விலத்து.”

மணி அடித்தது. அப்பா எழும்பினார்.

“நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.”

“பொத்தானை அமத்தினாக் கதவு துறக்கும் அப்பா.”

“கதவு துறக்கும். வீட்டுக்கு வாற மனுசன் தன்ரை பாட்டிலை ஏறி வாறதோ?”

வலி தெரியாமலிருக்க நோக்குளிசை இரண்டு போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் இறங்குகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டேன். பிறகு இரண்டு பேரும் ஏறி வருகிற சத்தம். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா நின்றார். நிற்பது தெரியாமலிருக்க எதையாவது காட்டினார். இது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிள். இந்த யன்னலால் பார்த்தால் குளம் தெரியும். இந்த லைட் மூன்று மாதமாக எரியவில்லை. கதையும் சிரிப்புமாக மேலே வந்தார்கள். அப்பாவின் கழுத்தடியில் சேட் நனைந்திருந்தது.

மதிப்பிட வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பணிவான ஆள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். அம்மா வடைத் தட்டையும் தேநீரையும் ஆயத்தமாக வைத்திருந்தார். அப்பா தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவர் அந்தத் தட்டைத் தூக்கியதில்லை.

“தனியாக உடுத்துவீர்களா?”

“யா.”

“குளிப்பு?”

“யா, யா.”

“கோப்பி, தேநீர் நீங்களே போடுவீர்களா?”

“யா. எப்பவும்.”

அம்மா குனிந்து வடைத் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். நான் டேனிஷில் சொன்னேன், அப்பா குளிசை போட்டுக்கொண்டுதான் இறங்கியிருப்பார், குளிப்பாட்டுவது அம்மா, படியில் நின்று நின்று வந்தது கதைக்க அல்ல என்று. அந்த ஆள் பேனையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா கடகடவென்று சிரித்தார்.

“என்ரை மகள் எஞ்சினியர். எதைப் பாத்தாலும் பழுதெண்டுதான் சொல்லுவா,” என்றார், டேனிஷில்.

அவரும் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். என் பேச்சு அந்தச் சிரிப்போடு முடிந்தது. போகும்போது அம்மா மிச்ச வடையை ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் போட்டுக் கொடுத்தார். இவ்வளவு நல்லாக இருக்கிற ஒருவரைப் பார்த்தது சந்தோஷம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

“நல்ல பெடியன்,” என்றார் அம்மா, கதவைச் சாத்திக்கொண்டு. “ஆறு வடை சாப்பிட்டவன். கட்டாயம் தருவான்.”

அப்பா அன்று மத்தியானம் படுத்தவர், அடுத்த நாள் பின்னேரம்தான் எழும்பினார்.

முடிவு வந்தபோது அதை அப்பாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். பயிற்சியும் பஸ்ஸும் மாத முடிவோடு நிறுத்தப்படுகின்றன. காரணம், அவர் சிரமமின்றிப் படி ஏறி இறங்குகிறார், ஏறும்போது தடையின்றிக் கதைக்கிறார், வீட்டு வேலைகளில் பங்கெடுக்கிறார், விருந்தினரை உபசரிக்கிறார்.

அப்பா யோசித்தார். “இதிலை பொய் ஒண்டும் இல்லையே,” என்றார்.

உண்மைதான். அந்த ஆள் கண்டதைத்தான் எழுதியிருந்தார்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் திட்டத் தலைவியிடம் இதைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. சுடுநீர்த் தடாகத்தில் கொம்யூன் மிச்சம் பிடிக்கிற பணத்தையும் நாங்கள் வாசனைக்கும் ஆடுகிற இருக்கைக்கும் கொடுக்கிற பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவருக்கு உண்மையாகவே கவலைதான். என் கையைப் பிடித்தார்.

“பாவம் உன் அப்பா. ஆனால் அது வேறு பெட்டி,” என்றார்.

இந்த நாட்டில் அடிக்கடி கேட்கிற வசனம் அது. நிதியத்தின் காசைத் தடாகத்துக்குக் கொடுக்கமுடியாது. பண்பாட்டுக் குழுவின் காசை முதியோர் குழு தொடமுடியாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெட்டி. அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க நான் முயன்றேன், கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. யாராவது திருடியிருந்தால் கோபப்பட ஓர் ஆள் இருந்திருப்பார். இங்கே எல்லாரும் தங்கள் தங்கள் பெட்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் அப்பாவின் சம்பளத்தில் வரி கழித்தபோது, எந்தப் பெட்டிக்கு என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

திறப்பு விழாவுக்கு வேலைசெய்கிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்றார்கள். அப்பா வரவில்லை. தடாகம் நின்று ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. ஒரு தடவை இறங்கினால் ஏற அரை மணித்தியாலம் எடுத்தது. “சனத்துக்கு முன்னாலை தடியோடை நிக்க ஏலாது, நீங்கள் போங்கோ,” என்றார். அம்மா கம்பளிச் சட்டைக்கு மேல் நல்ல சீலை உடுத்திக்கொண்டு வந்தார்.

மேயர் பேசினார். பண்பாட்டுக்குப் போடுகிற காசு செலவல்ல, முதலீடு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். வைன் கொடுத்தார்கள். அம்மா ஒரு குதிரையின் முன் நின்று மூக்கைச் சுருக்கினார்.

“உது உண்மையான விட்டையோ?”

“இல்லையம்மா. போத்திலிலை வாற மணம்.”

“காசுக்கோ?”

“ஓம்.”

“எவ்வளவு?”

சொன்னேன். அம்மா குதிரையின் காலடியைப் பார்த்தார். “ஒரு குதிரையைக் கொண்டந்து கட்டியிருந்தா அது தன்ரை பாட்டிலை போட்டிருக்கும்,” என்றார். பிறகு, “இந்த உரோமன்மார் இஞ்சை வந்தவையோ?”

“வரேல்லை.”

“குளிருக்குப் பயந்திருப்பினம். நாங்கள்தான் விசரர், வந்து நிக்கிறம்.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு வேறு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. மூன்றாவது குதிரையைக் காட்டி, அது எப்படி வந்தது என்று சொன்னேன். வாளியை, தலைவியின் சப்பாத்துக் காலை, கோட்டைத் தூக்கிக்கொண்டு போன மனிதரை. அம்மா கையில் பிடித்திருந்த சிறிய பாண் துண்டைச் சாப்பிடாமல் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஒழுகிறதைத் துடைக்க விடேல்லையோ?”

“இல்லை.”

“அதுக்குத்தான் காசு குடுத்தவையோ?”

“ஓம்.”

காரில் வீட்டுக்குப் போகும்போது அம்மா கதைக்கவில்லை. அவருக்கு வைன் மணமே தலையிடி தரும், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன்.

முடிவு வந்த உடனேயே, குறித்த காலத்துக்குள் நான் முறைப்பாடு எழுதி அனுப்பியிருந்தேன். மறுபடி ஒருவர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. இந்த முறை நான் ஆயத்தம் செய்தேன். என் தலைக்குள் பட்டியல் தானாக வந்து நின்றது. தடி கதிரைக்குப் பக்கத்தில். குளிக்கிற கதிரை குளியலறையில். காலையில் குளிசை இல்லை. வடை இல்லை. கேட்டதற்கு யா இல்லை.

பட்டியல் சரியானது. எல்லாம் உண்மை. திரும்ப ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தபோது வாயெல்லாம் புளித்தது. ஒழுகுகிற கூரையைக் காட்டலாம், அதற்கு வெட்கம் இல்லை. நான் காட்ட ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தது என் அப்பாவை. வாளியைத் தள்ளிய அந்தக் காலும் என் மூளையும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. ஆனாலும் அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் விடமுடியவில்லை.

“என்னை உங்கடை மியூசியத்திலை வைக்கப் போறியோ?” என்றார் அப்பா.

“அப்பா, உள்ளதைச் சொல்லுங்கோ எண்டுதான் சொல்லுறன்.”

“உள்ளதை ஏன் பிள்ளை அவைக்குச் சொல்லவேணும்? நான் அவையிட்டைக் கை நீட்டி ஒருநாளும் நிண்டதில்லை. வேலை செய்தனான். வேலை செய்ய ஏலாமல் போச்சு. நாளைக்கு ஏலும்.”

அப்பா ஒன்றுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. மதிப்பிட வருகிற அன்று காலை நான் போனபோது அவர் சேட் இஸ்திரி போட்டிருந்தது. ஆனால் வீடு கழுவியிருக்கவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை. குளியலறையில் கதிரை அதன் இடத்தில் இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. அப்பா கதிரைக் கையை ஊன்றி எழும்பினார். அம்மா போய் வாசலுக்குக் குறுக்கே நின்றார்.

“இருங்கோ.”

“தள்ளும்.”

“இருங்கோ எண்டு சொல்லுறன்.”

நாற்பது வருடத்தில் அம்மா அவருக்கு அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா நின்றார். நான் பொத்தானை அமத்தினேன். வந்தவர் ஏறி முடிக்குமுன் அப்பா மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார்.

இந்த முறை வயதான டேனிஷ்காரி. மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். “உங்கள் படி என்னையே கொன்றுவிடும் போலிருக்கிறது,” என்றார். அப்பா சிரிக்கவில்லை. கேள்விகள் அதே கேள்விகள். குளிப்பு என்று வந்ததும் அப்பா வாய் திறந்தார்.

“யா.”

“இல்லை,” என்றார் அம்மா.

அம்மா இருபது வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டியவர். அவருடைய டேனிஷ் அந்தப் பட்டறையில் பொறுக்கியது. ஒரு சொல், பிறகு ஒரு சொல், இடையில் ஒன்றும் இல்லை. “இல்லை. நான் குளிப்பாட்டுறது. நான் சப்பாத்து. நான் காற்சட்டை. இரவு எழும்பினால் நான் தூக்குறது.” பிறகு எழும்பி அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். கதிரையைக் காட்டினார். எப்படி நின்று, எங்கே பிடித்துத் தூக்குவது என்று செய்து காட்டினார். நான் பின்னால் போய் நின்றேன், மொழிபெயர்க்க. அதற்குத் தேவை வரவில்லை. அம்மா திரும்பி நின்று தன் கம்பளிச் சட்டையைப் பின்பக்கம் உயர்த்தினார். இடுப்பில், நாரியைச் சுற்றி அகலமான பட்டி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் விளிம்பில் தோல் சிவந்து தடித்திருந்தது.

எனக்கு அது தெரியாது. கிழமைக்கு இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போகிறவள் நான்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். நீங்கள் வைத்தியரிடம் போனீர்களா என்று கேட்டார். அம்மா சட்டையை இறக்கிவிட்டார். “இண்டைக்கு அவர். நான் இல்லை,” என்றார். அறைக்குத் திரும்பி வந்தபோது அப்பா யன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார். அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மாவே சொன்னார்.

அந்தப் பெண் போய்க் கதவு சாத்தியதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒரு தேத்தண்ணிகூடக் குடுக்கேல்லை,” என்றார். அழுதார். வந்த ஒரு மனுசிக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பா யன்னலிலிருந்து திரும்பாமல் கேட்டார். “நீர் ஏன் உதெல்லாம் சொன்னனீர்?”

“என்ரை நாரிக்கு ஆர் மனுப் போடுறது?” என்றார் அம்மா.

நான் போய்த் தேநீர் போட்டேன். மூன்று கோப்பையும் மேசையில் ஆறிப்போய் இருந்தன.

இப்போதைய நிலை இது. அப்பாவுக்குத் தடாகம் திரும்பக் கிடைத்தது, கிழமைக்கு ஒரு நாள், கோடை வரை. பஸ் கிடைக்கவில்லை. என் ஒப்பந்தம் முடிந்து நான் சில்க்போர்க்கில் காற்றோட்டக் குழாய்கள் அமைக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வியாழக்கிழமைகளில் வேலையிலிருந்து முந்தி வந்து அவரைக் காரில் தடாகத்துக்கு ஏற்றிப்போகிறேன். இறங்கும்போது என் தோளைப் பிடிக்கிறார், திருப்பங்களில் நிற்கிறார், எதையும் காட்டிக் கதைப்பதில்லை. அம்மாவோடு சாப்பாடு, மருந்து, கடைச்சாமான் பற்றி மட்டும் கதைக்கிறார். அம்மா இன்னும் வைத்தியரிடம் போகவில்லை. கோடையில் மறுபடி மதிப்பிட வருவார்கள்.